சங்கு ஊதும் நேரத்தில் விழுந்த விரிசல்

கான்கிரீட் உடையும். அதை யாராலும் தடுக்க முடியாது. எங்கே உடைய வேண்டும் என்று மட்டும் நாம் சொல்லலாம், அதையும் நேரத்தோடு சொல்ல வேண்டும். என் கொழுந்தன் சானெலே இதைச் சாப்பிட உட்கார்ந்தாலும் சொல்வான், கோயிலிலிருந்து திரும்பும்போதும் சொல்வான். கேட்காதவர்களிடமும் சொல்வான். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் பெரிய சாலைகளில் பல வருஷம் அவன் பார்த்த வேலை அதுதான். வார்த்த கான்கிரீட் இறுகும்போது சுருங்குமாம். அடியில் தரை பிடித்துக்கொண்டிருப்பதால் இஷ்டத்துக்குச் சுருங்க முடியாமல் எங்கேயாவது கிழியுமாம். அது கிழிவதற்கு முன்னால் ரம்பத்தை வைத்துக் குறுக்கே நேராக ஒரு வெட்டுப் போட்டுவிட்டால், உடைவது அந்த வெட்டுக்கு அடியிலேயே உடையும். மேலே நடப்பவனுக்கு ஒரு கோடு மட்டும் தெரியும். அவசரப்பட்டு வெட்டினால் ஓரமெல்லாம் பொலபொலவென்று உதிரும். தாமதித்தால் அது தன் பாட்டுக்கு உடைந்துகொள்ளும். இரண்டுக்கும் நடுவிலுள்ள நேரத்தைப் பிடிக்க, சானெலே முழங்காலிட்டு வண்டிச் சாவியால் ஓரத்தில் கீறிக் கீறிப் பார்ப்பான்.

நான் இந்தத் தீவின் வாய்முலி ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அப்படி வந்தவளுக்கு இங்கே அடுப்படிப் புகைதான் பட்டா. என் கணவர் ஃபிலிப்போ மூத்தவர். குடும்பத் தலைவர் என்ற பட்டம் அவரிடம். பட்டம் கட்டிய நாளிலிருந்து அவர் கொட்டாவி விடுவதுகூட நிதானமாகத்தான். தம்பி சானெலேயின் வீடு எங்கள் வளவிலேயே பக்கத்தில்; அவன் ஆக்லாந்தில் வேலை பார்த்த வருஷங்களில் மனைவி லூப்பே பிள்ளையோடு இங்கேதான் இருந்தாள். அவர்களுக்கு ஒரே பெண், பெனினா. ஏழு வயதில் இறந்துபோனாள்.

அப்போது ரோடு கான்கிரீட் இல்லை. மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் சரிவு எங்கள் வீட்டு முன்னால்தான் வளைகிறது. எத்தனை முறை தார் போட்டாலும் ஒரு மழைக்காலம் தாங்காது, ஜல்லியாகிவிடும். எதிர்ப்புறம் கடை. லூப்பே பிள்ளையை உப்பு வாங்கி வர அனுப்பியிருக்கிறாள். சகரியா தன் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு இறங்கி வந்திருக்கிறான். நான் அன்று தோட்டத்தில் தாரோக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது லூப்பே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஜல்லியில் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் பாட்டு இன்னும் பாடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் விடியலில் சகரியாவின் குடும்பமே வந்து எங்கள் புல்தரையில் மண்டியிட்டது. தலைக்கு மேல், மெல்லிய நாரில் நெய்த நெய்பாய்களைப் போர்த்திக்கொண்டு, முகம் தரையில் படக் குனிந்திருந்தார்கள். எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்பது இப்படித்தான். மனம் வந்தால் இழந்த வீட்டின் தலைவர் இறங்கி வந்து பாயை எடுப்பார். மனம் வராவிட்டால் அவர்கள் வெயிலில் அப்படியே கிடக்க வேண்டியதுதான். ஃபிலிப்போ வெயில் ஏறுவதற்குள் இறங்கிப் போய்ப் பாயை எடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அவருடைய நூறு கொட்டாவியை நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் பாயை எடுத்தாகிவிட்டால் பேச்சும் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சாவைப் பற்றி, எப்படி, யாரால் என்று வாய் திறப்பவருக்கு ஊர்ச்சபை அபராதம் போடும். பழைய பகை மறுபடி தலைதூக்கக் கூடாது என்பதற்காக வைத்த வழக்கம். நல்ல வழக்கம்தான் என்று அன்று நானும் நினைத்தேன்.

சானெலேயால் வர முடியவில்லை. நோய்க்காக எல்லைகளையெல்லாம் மூடி வைத்திருந்த காலம் அது. மகளின் அடக்கத்தை ஆக்லாந்தில் ஒரு அறையில் உட்கார்ந்து போனில் பார்த்தான். குழிக்குள் இறக்கும்போது படம் நின்றுபோய்விட்டதாம். அவன் திரும்ப வந்தபோது ஊரில் அழுகையெல்லாம் ஓய்ந்திருந்தது. வீட்டு முன்னால், ரோட்டோரத்தில், வெள்ளையடித்த சின்னக் கல்லறை. அதன் மேல் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். அவன் பெட்டியைக் கீழே வைக்காமலே நின்று பார்த்தான்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே கேள்வி, எப்படி நடந்தது. என்னிடம் கேட்டான். எனக்குச் சொல்லப்பட்டதை நான் சொன்னேன்: பிள்ளை பார்க்காமல் நேராக ஓடிவிட்டாள், சகரியாவால் நிறுத்த முடியவில்லை. கடைக்காரியிடம் கேட்டான். அவள் உப்பை எடை போட்டபடியே வேறு பக்கம் பார்த்தாள். அண்ணனிடம் கேட்டான்.

"பாயை எடுத்தாச்சு தம்பி," என்றார் ஃபிலிப்போ.

"எனக்காக யாரு எடுத்தா அண்ணே? நான்தான் இல்லையே."

ஃபிலிப்போ தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

லூப்பேயிடம் அவன் கேட்ட விதத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆக்லாந்திலிருந்து அவன் பெனினாவுக்கு ஒரு ஜோடி மஞ்சள் செருப்பு அனுப்பியிருந்தான். வாரா வாரம் போனில் அதையே கேட்பான்: ஜல்லி சுடுமே, செருப்புப் போடுகிறாளா, போடச் சொல்கிறாயா? அந்தச் செருப்பு வீட்டுக்குள் தூணோரம் அப்படியே இருந்தது. ஒருநாள் அவன் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தான். மண் ஒட்டாமல் புதுசாக இருந்தது. போடவே இல்லையா என்று கேட்டான். கோயிலுக்கென்று எடுத்து வைத்திருந்தேன் என்றாள் லூப்பே. சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, உரித்து முடித்த ஈரப்பலாவையே மறுபடி மறுபடி சீவிக்கொண்டிருந்தாள்.

அவள் அதற்குப் பிறகு ரோட்டைக் கடந்ததே இல்லை. எதிர்க் கடைக்குப் போக வேண்டுமானால் கடற்கரைக்கு இறங்கி, ஓடைப் பாலத்துக்கு அடியில் குனிந்து நுழைந்து, அந்தப் பக்கம் ஏறிப் போவாள். ஒரு தீப்பெட்டிக்கு அரை மணி நேரம். ஊர்ப் பெண்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். சாயங்காலச் சங்கு ஊதியதும் ஊரே அடங்கி ஜெபத்துக்கு உட்காரும்போது, அவள் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். ஒருநாள் பாட்டுக்கு நடுவில் என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, செருப்புச் சத்தம் கேக்குதா?"

"ஈரப்பலா இலை விழுவுது. பாட்டைப் பாடு," என்று கடிந்துகொண்டேன். ஆனால் எனக்கும் கேட்டது. புதுச் செருப்பு போட்ட பிள்ளை நடக்கிற சத்தம். காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று காற்றே இல்லை. அந்தச் செருப்பு ஒருநாளும் ரோட்டில் நடந்ததும் இல்லை.

சகரியாவும் பஸ் ஓட்டுவதை விடவில்லை, விட்டால் சாப்பாடு யார் போடுவது? ஆனால் சரிவின் உச்சிக்கு வந்ததும் பாட்டை நிறுத்திவிடுவான். அந்த வண்ண வண்ண பஸ் வாயை மூடிக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டிப் போவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், பாவமாகவும் இருக்கும்.

பிறகுதான் கான்கிரீட் ரோடு வந்தது. நியூசிலாந்திலிருந்து டங்கன் என்ற இன்ஜினியர் வந்தார். வெயிலில் இறால்போல் சிவந்த, நல்ல மனிதர். சானெலேக்கு ரம்பம் பிடிக்கும் வேலை. எங்கள் மகளிர் சங்கத்துக்கு வெட்டு முடிந்த இடத்தில் நனைத்த சாக்கைப் பரப்பும் வேலை. கான்கிரீட் சீக்கிரம் காய்ந்துவிடக் கூடாதாம். பஸ்ஸெல்லாம் கடைக்குப் பின்னாலுள்ள மண்பாதை வழியே போயின. டங்கன் ஊர்ச்சபையில் ஒன்று கேட்டார்: சாயங்காலச் சங்கு நேரத்தில் வெட்ட வேண்டி வந்தால் வெட்டலாமா? ஊர்ச்சபை என்றால் என் வீட்டுக்காரரும் இன்னும் பத்துக் கிழவர்களும். கோக்கோ குடித்துக்கொண்டே வெகுநேரம் யோசித்து, முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் விடியலில் வார்த்து மதியத்துக்குள் வெட்டி முடிப்பது என்று ஏற்பாடு. அப்படியே கோடு கோடாக, ஒரு பிசிறு இல்லாமல் சரிவின் மேல்பாதி முடிந்தது. சானெலே சாப்பாட்டின்போது விசிலடித்தான். அவன் ஆக்லாந்திலிருந்து வந்த பிறகு அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்கள் வீட்டு முன்னாலுள்ள ரோட்டை வார்க்க வேண்டிய சனிக்கிழமை, சிமெண்ட் ஏற்றிய கப்பல் தாமதம். லாரி வரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. திங்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் டங்கன். சானெலே கேட்கவில்லை, என் வீட்டு வாசல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தான். வார்த்து முடித்துத் தேய்த்துவிட்ட கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கமிருந்து ஒரு மழை பெய்துவிட்டுப் போனது. பிறகு குளிர்காற்று. சானெலே முகம் சுருங்கிவிட்டது. சூடாக இருக்கும் கான்கிரீட் சட்டென்று குளிர்ந்தால் சீக்கிரம் உடையப் பார்க்குமாம். சாவியால் கீறிப் பார்த்தான், மிருது. மறுபடி பார்த்தான், மிருது. ரம்பம் தாங்கும் என்று ஆனபோது பொழுது சாய்ந்துவிட்டது. மேலிருந்து ஒவ்வொரு வெட்டாக இறங்கி வருவதற்குள், எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிடும் முதல் சங்கு ஊதிவிட்டது. எங்கள் வாசலுக்கு நேரே சுண்ணாம்புக் கோட்டில் ரம்பத்தை வைக்கப் போகும்போது இரண்டாவது சங்கு ஊதியது. அந்தச் சங்குக்குப் பிறகு ரோட்டில் நாய்கூட நடக்கக் கூடாது. ஊர் வாலிபர்கள் தடியோடு வரிசையாக நின்றார்கள். சானெலே ரம்பத்தை நிறுத்தினான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாக்குகளைக் கீழே போட்டுவிட்டு அவனிடம் போனேன்.

"ஒரு பன்னிதானேடா அபராதம்? நான் தர்றேன், வெட்டு."

"பெனினா பாத்துக்கிட்டு இருக்கா அண்ணி," என்றான் கல்லறையைக் காட்டி. "அவகூட ஒருநாள்கூடச் சங்குக்கு உக்காரல நான். அவ முன்னாடியே மீறச் சொல்றீங்களா?"

அவன் இடத்தில் வேறு எவன் இருந்தாலும் வெட்டியிருப்பான். அவன் கல்லறை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டான். லூப்பே எப்போதும்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். வீடு வீடாகப் பாட்டு எழுந்தது, அடங்கியது. எல்லோரும் தலைகுனிந்து ஊமையாக இருந்த அந்த நேரத்தில், ரோட்டிலிருந்து யாரோ விரல் சொடுக்கியதுபோல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

சானெலே கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். லூப்பே என் கையைப் பிடித்தாள்.

"செருப்பு," என்றாள்.

மறுநாள் ஞாயிறு. ஊரே வெள்ளை உடுப்பில் கோயிலுக்குப் போகும் வழியில் நின்று பார்த்தது. விரிசல் எங்கள் வாசலுக்கு நேரே தொடங்கி, ரோட்டின் குறுக்கே நேராகப் போய், பாதியைத் தாண்டிய இடத்தில் சட்டென்று திரும்பி, எங்கள் பக்கமாகவே ஓர் எட்டு வந்து நின்றிருந்தது. கடைப்பக்கத்தை அது தொடவே இல்லை. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிள்ளை ரோட்டைக் கடந்து பார்க்கிறாள் என்றாள் ஒருத்தி. ஆவி சங்கு நேரத்தில்தான் நடக்கும் என்றாள் இன்னொருத்தி. போதகர் அன்று பிரசங்கத்தில் எதை எதையோ பேசினாராம், யாரும் கேட்கவில்லையாம். கடைக்காரி மட்டும் விரிசலைப் பார்த்தாள், லூப்பேயைப் பார்த்தாள், விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எல்லோரும் போன பிறகு லூப்பே வாசலை விட்டு இறங்கினாள். வெறுங்காலோடு விரிசலின் மேலேயே அடி வைத்து நடந்தாள். திரும்பும் இடம் வரை போனாள். அங்கே நின்று எங்கள் வீட்டைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. நான் கோயிலுக்குப் போகவில்லை, கோக்கோ பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். அவளைக் கூப்பிடப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை டங்கன் வந்து முழங்காலிட்டுப் பார்த்தார். யார் மேலும் தப்பில்லை, மழை செய்த வேலை என்றார். நேராகக் குறுக்கே ஓடியிருந்தால் அடைத்துவிட்டுப் போகலாம். இது பாதியில் திரும்பியிருப்பதால் நடுவில் ஒரு துண்டு தனியாக ஆடும், பஸ் ஏற ஏற உடையும், தண்ணீர் இறங்கி அடியை அரிக்கும். அந்தப் பகுதியை மட்டும் பெயர்த்துவிட்டு மறுபடி வார்க்க வேண்டும், அடுத்த திங்கள் மெஷின் வரும் என்றார். அவர் சொன்னது சரிதான். சானெலே தலையாட்டினான். அவனுக்கும் அதை ஒழிக்க வேண்டும் என்றுதான் வெறி.

லூப்பே வேண்டாம் என்றாள்.

அந்த வாரம் முழுக்க பக்கத்து வீட்டில் அதே சண்டை. சுவரில்லாத வீடு, ஓலைத் தட்டியை இறக்கினாலும் எல்லாம் கேட்கும். பெயர்க்காதே என்பாள் அவள். ஏன் என்பான் அவன். மறுபடி பெயர்க்காதே என்பாள். ஒருநாள் அவன் குரல் உடைந்து வந்தது.

"அதுல பஸ் போனா இன்னொருத்தன் புள்ள சாகும் லூப்பே. ஒரு காரணம் சொல்லு, டங்கன் கால்ல விழுந்தாவது நிறுத்துறேன். என்ன இருக்கு அதுல?"

அவள் ரோட்டையே பார்த்தபடி இருந்தாள். பல மாதம் முதுகைக் காட்டியே உட்கார்ந்தவள், அந்த வாரம் ஒவ்வொரு சங்குக்கும் ரோட்டைப் பார்த்தே உட்கார்ந்தாள். சாப்பாடு குறைந்தது. அவளையும் அந்த மண்ணுக்குக் கொடுத்துவிடுவோமோ என்று நான் பயந்தேன், ஃபிலிப்போவிடம் சொல்லவும் செய்தேன். பாயை எடுத்தாச்சு என்றார். அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொன்னால் கோக்கோவை உங்கள் தலையில் கவிழ்ப்பேன் என்றேன்.

ஞாயிறு மதியம் லூப்பே என்னிடம் வந்து, சகரியா வீட்டார் கொண்டுவந்த அந்த நெய்பாயைக் கேட்டாள். குடும்பப் பாய்களெல்லாம் என் பொறுப்பில்தான் இருந்தன. காய வைக்க வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

திங்கள் விடியலில் அடுப்பு மூட்ட எழுந்து வந்தேன். ரோட்டின் நடுவில், விரிசல் திரும்புகிற அதே இடத்தில், யாரோ மண்டியிட்டுக் குனிந்திருந்தார்கள். தலையிலிருந்து தரை வரை அந்தப் பாய் மூடியிருந்தது. முகம் எங்கள் வீட்டைப் பார்த்து. சொந்த வீட்டு வாசலில், தன்னந்தனியாக. சானெலேயை உலுக்கி எழுப்பினேன். அவன் வெளியே வந்து, பார்த்து, ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டான்.

பாய்க்குள்ளிருந்து லூப்பேயின் குரல் வந்தது.

"பாதிக்கு மேல தாண்டிட்டா. நான்தான் கூப்பிட்டேன். செருப்பைப் போட்டுட்டுப் போடின்னு கத்தினேன். அவ சொன்ன பேச்சுக் கேக்குறவ. திரும்பிட்டா."

அவ்வளவு நாள் ஊர் அவளைப் பேச விடவில்லை. அது அவளுக்குள்ளேயே கிடந்து எங்கே வேண்டுமோ அங்கே கிழித்துக்கொண்டிருந்தது.

கடைக்குப் பின்னால் மண்பாதையில் முதல் பஸ் வந்தது, நின்றது. சகரியா இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ரோட்டின் எதிர்ப்புறத்திலிருந்தே சானெலேயிடம் சொன்னான்.

"புள்ள கடைப்பக்கம் போயிடும்னு பார்த்து உங்க வீட்டுப் பக்கமா வண்டிய ஒடிச்சேன். அது திரும்பும்னு தெரியல."

அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அம்மா கூப்பிட்ட குரல் அவன் காதிலும் விழுந்திருக்கிறது, கடைக்காரி காதிலும் விழுந்திருக்கிறது. பழியைத் தலையில் வாங்கிக்கொண்டு, குடும்பத்தோடு எங்கள் புல்தரையில் மண்டியிட்டானே தவிர, லூப்பே பெயரை அவன் சொல்லவில்லை. அவன் பஸ்ஸைப் பார்த்து நான் எரிச்சல்பட்ட நாட்களை நினைத்துக்கொண்டேன்.

ஃபிலிப்போ தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். ஊரும் கூடிவிட்டது. சானெலே அசையாமல் நின்றான். வெயில் ரோட்டில் இறங்கிவிட்டது. அவன் பாயை எடுக்க மாட்டானோ என்று பயந்தேன். எடுக்காமல் உள்ளே திரும்பிப் போனால் அவள் அந்த இடத்தை விட்டு எழமாட்டாள் என்று எனக்குத் தெரியும். மெஷினும் வந்து வளைவில் நின்றது. டங்கன் ஆளை அனுப்பி அதை அணைக்கச் சொன்னார்.

சானெலே நடந்தான். அவள் முன்னால் போய் நின்றான்.

"வாரா வாரம் போன்ல கேட்டது நான்தான் லூப்பே. போடுறாளா, போடுறாளான்னு."

சொல்லிவிட்டு அவன் பாயை எடுக்கவில்லை. ஓரத்தைத் தூக்கி, அதற்குள் நுழைந்து, அவள் பக்கத்தில் மண்டியிட்டுக் குனிந்துகொண்டான். ஒரு பாய்க்கு அடியில் இரண்டு முதுகு.

ஊர் திகைத்துப்போனது. இப்போது பாயை யார் எடுப்பது? ஃபிலிப்போ தொண்டையைக் கனைத்தார்.

"கேக்குறது ஒரு வீடு, ஏத்துக்கறது ஒரு வீடு. அதான் முறை. இது ஒரே வீடால்ல இருக்கு," என்றார் பக்கத்திலிருந்த கிழவரிடம். கிழவர் யோசிக்க ஆரம்பித்தார்.

அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் இவர்கள் இரண்டு பேரும் அந்தக் கான்கிரீட்டில் வெந்துபோவார்கள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. வாழ்க்கைப்பட்டு வந்தவள், பட்டமும் கிடையாது, பேச்சும் கிடையாது. கையிலிருந்த அகப்பையை ஃபிலிப்போ கையில் திணித்துவிட்டு ரோட்டில் இறங்கினேன். அந்தப் பாயை இரண்டு கையாலும் பிடித்து எடுத்தேன். லூப்பே முகம் தரையில் இருந்தது. சானெலே உள்ளங்கை விரிசல் திரும்பும் இடத்தில் இருந்தது. இரண்டு பேரும் தேம்பிக்கொண்டிருந்தார்கள். சானெலே தன் மகளுக்காக அழுததை நாங்கள் பார்த்தது அன்றுதான். எனக்கு அபராதம் போட வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாங்கிக் கட்டியிருப்பார்கள் என்னிடம்.

அன்றே அந்தப் பகுதியைப் பெயர்த்தார்கள். லூப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. விரிசல் திரும்பிய இடத்துக்கு அடியில் எரிமலைக் கல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றது. இதனால்தான் திரும்பியிருக்கிறது என்று டங்கன் காட்டினார். இருக்கலாம். அந்தக் கல் அந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

கல்லை உடைத்து எடுத்து, அடியைச் சமன் செய்து, மறுபடி வார்த்த நாளிலும் மழை பெய்தது, மறுபடி பொழுது சாய்ந்தது. சானெலே சாவியால் கீறிக்கொண்டிருந்தான். முதல் சங்குக்கான நேரம் வந்தது. ஊதவில்லை. வாலிபர்கள் சங்கை வைத்துக்கொண்டு ஃபிலிப்போவையே பார்த்தார்கள். அவர் எங்கள் வாசலில் உட்கார்ந்து, தம்பி ரம்பத்தைப் பிடித்துக் குறுக்கே இழுத்துப் போவதை, முழுக்க முழுக்க எதிர்ப்புறம் வரைக்கும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரம்பம் நின்ற பிறகு தலையசைத்தார். அன்று வாய்முலியில் இருட்டிய பிறகுதான் சங்கு ஊதியது. ஜெபத்துக்கு நடுவில் அந்தச் சொடுக்குச் சத்தம் வந்தது, லேசாக, வெட்டுக்கு அடியிலிருந்து. சானெலே லூப்பேயைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

இப்போது ரோடு நேராக இருக்கிறது. லூப்பே கடற்கரையைச் சுற்றிக்கொண்டு போவதில்லை. வாசலில் இறங்கி எதிர்க் கடைக்குப் போகிறாள். நடுவில் அந்த இடத்துக்கு வந்ததும் ஒரு நொடி நிற்பாள், திரும்ப மாட்டாள், பிறகு போவாள். சங்கு நேரத்தில் சில நாள் அந்தச் செருப்புச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவளிடம் சொல்வதில்லை. ஒன்று மட்டும் எங்கள் வீட்டில் பழக்கமாகிவிட்டது. ரோட்டில் இறங்கியவர்களை நாங்கள் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. உப்பு சொல்ல மறந்தால் மறந்ததுதான். அன்றைக்கு உப்பில்லாமல் சாப்பிடுவோம்.